சுடரும் கருவியும்: கண்ணாடிக் கிண்ணம் செய்த கைகளின் வரலாறு



காலுள்ள கண்ணாடிக் கிண்ணம் ஒன்றை மனக்கண் முன் நிறுத்திக்கொள்ளுங்கள். மேலே நீரையோ சர்பத்தையோ ஏந்தும் அகன்ற வாய். நடுவே விரல்கள் பற்றுவதற்கு ஒரு மெல்லிய தண்டு. கீழே மேசைமேல் அசையாது நிற்கும் வட்டமான அடித்தட்டு. இம்மூன்று பகுதிகளும் ஒன்றாகச் சேர்ந்தபின் அவை வெவ்வேறாகப் பிறந்தவை என்பது நம் கண்ணுக்குப் புலப்படாது. ஆனால் அதனைச் சுடரின் முன் இருந்து கையாற் செய்பவனுக்கு வாய் வேறு, தண்டு வேறு, அடி வேறு. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கருவி. எந்தக் கருவியை எடுப்பது, எதனை எடுக்காது விடுவது, எப்பொழுது கையை விலக்குவது என்பதே அத்தொழிலின் பாதி அறிவாகும். அந்த அறிவு எவ்வாறு தோன்றியது, எந்தெந்த நாடுகளின் வழியாக வளர்ந்தது, அதில் நமது இலங்கைக்கு எத்தகைய பங்கு உண்டு என்பவற்றையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

கண்ணாடிக்கு உருக்கொடுக்கும் வழிகள் இரண்டு. ஒன்று உலைவழி, மற்றொன்று சுடர்வழி. உலைவழியில், பெரிய உலையிலே தேன்போல் உருகிக் கிடக்கும் கண்ணாடியை நீண்ட இரும்பு ஊதுகுழலின் நுனியிற் சுற்றி எடுத்து, வாயால் ஊதி, உருட்டி, இழுத்து வடிவம் தருவார்கள். அதற்குப் பெரிய கூடமும், இரவு பகல் அணையாத நெருப்பும், பலரின் கூட்டுழைப்பும் வேண்டும். சுடர்வழியிலோ உருகிய கண்ணாடி தொடக்கத்தில் இல்லை. முன்பே செய்து ஆறிய கண்ணாடிக் குழாயையும் கோலையும் எடுத்து, மேசைமேல் எரியும் கூரிய சுடரிற் காட்டி, வேண்டிய இடத்தை மட்டும் இளக்கி உருவாக்குவார்கள். ஒரு மேசை, ஒரு சுடர், ஒரு மனிதன், அவ்வளவே. முன்னையது ஊர் கூடித் தேர் இழுப்பது போன்றது. பின்னையது தட்டாரின் பட்டறையை ஒத்தது.

இவ்விரு வழிகளும் தம் பிறப்பிலே உறவுடையன. கண்ணாடியை ஊதி உருவாக்கும் உபாயம் கி. மு. முதலாம் நூற்றாண்டிலே சாம் தேசம் என நம் முன்னோர் வழங்கிய சிரியா, பலஸ்தீனக் கரையோரங்களில் தோன்றியது. எருசலேமின் பழைய நகரில் 1970ஆம் ஆண்டையொட்டி நடைபெற்ற அகழ்வாய்வில் ஒரு பட்டறையின் கழிவுகள் கிடைத்தன. அவற்றுள் ஒரு முனையை மூடி மறு முனையால் ஊதிச் சிறு குமிழாக்கிய கண்ணாடிக் குழாய்கள் இருந்தன. அவை கி. மு. முதலாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தவை. இரும்பு ஊதுகுழல் வழக்கத்துக்கு வருமுன்னரே கண்ணாடிக் குழாயையே ஊதுகுழலாகக் கொண்டு முயன்றிருக்கிறார்கள் என்பதற்கு இது சான்று. இன்றும் சுடரின் முன் கிண்ணம் செய்பவன் இதனையே செய்கின்றான். அவன் தேர்ந்தெடுக்கும் முதற் கருவி அங்காடியில் விற்கும் இடுக்கியன்று; தான் உருமாற்றப்போகும் கண்ணாடிக் குழாயே அவனுக்கு முதற் கருவியும் ஆகின்றது.

சாம் தேசத்தில் ஊதும் வித்தை பரவிய காலத்திலே நமது பக்கத்தில் கண்ணாடி இருந்ததா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. குருணாகல் மாவட்டத்துக் கிரிபாவையில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட கண்ணாடி உலைகளின் எச்சங்கள் வெளிப்பட்டுள்ளன. மன்னார்க் கரையிலே, பழைய மாதோட்டத் துறைமுகமாகிய மாந்தையில் 1980 முதல் 1984 வரை நடைபெற்ற அகழ்வில் எண்ணற்ற கண்ணாடி மணிகளும், மேற்காசிய இசுலாமிய நாடுகளிலிருந்து கடல்வழியாக வந்த கண்ணாடிப் பாண்டங்களின் துண்டுகளும் கிடைத்தன. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேடு, கண்ணாடி மணித்தொழிலிலே உலகப் புகழ் பெற்ற இடம். அவ்வூர்ப் பாணியிற் செய்யப்பட்ட சிறு மணிகள் கிழக்கே தென்கிழக்காசியா வரையும், மேற்கே ஆபிரிக்கக் கரை வரையும் சென்றன.

இங்கே ஒரு வேறுபாடு கருதத்தக்கது. சாம் தேசத்தார் கண்ணாடியை ஊதினர். நம் பக்கத்தார் அதனை இழுத்தனர். உருகிய கண்ணாடித் திரளின் நடுவே துளை செய்து, அதனை நீண்ட நுண்குழாயாக இழுத்து, ஆறியபின் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, முனைகள் மழுங்குமாறு சாம்பலோடு சேர்த்து மீண்டும் சூடாக்கினால் மணிகள் பிறக்கும். ஆந்திர நாட்டிலே திருப்பதிக்கு அருகிலுள்ள பாப்பாநாயுடுபேட்டையில் இம்முறை நமது காலம் வரை நிலைத்து வந்துள்ளது. அங்கே துளையிட்ட நீண்ட இரும்புக் குழாயும், அதனுள் நுழையும் இரும்புக் கோலும், கண்ணாடியைப் பற்றி இழுக்கும் கொக்கியுமே முதன்மைக் கருவிகள். வாயால் ஊதுவதற்குக் குழல் வேண்டும். கையால் இழுப்பதற்குக் கொக்கி வேண்டும். கருவி வேறுபட்டது, ஆகவே பொருளும் வேறுபட்டது. ஒரு கரையிற் கிண்ணம் பிறந்தது. மறு கரையில் மணி பிறந்தது. ஒரு நாட்டாரின் கையிலே எந்தக் கருவி பழகுகின்றதோ, அதற்கேற்ற பொருளே அந்நாட்டிற் பெருகும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இனிச் சுடரின் வரலாற்றுக்கு வருவோம். நமது ஊர்களிலே பொற்கொல்லர் பட்டறையைக் கண்டவர்கள் ஒரு காட்சியை அறிவார்கள். எண்ணெய் விளக்கின் சுடர்முன் வளைந்த பித்தளைக் குழலை வாயில் வைத்து, மூச்சு அறாதபடி கன்னத்திலே காற்றைத் தேக்கி, அவர் ஊதுவார். ஆடிக்கொண்டிருந்த மஞ்சட் சுடர் ஊசிபோற் கூர்மை பெற்று நீலமாகி, பற்றவைக்கும் பொடியைக் கணத்தில் உருக்கும். ஐரோப்பாவிற் கண்ணாடியைச் சுடரில் உருவாக்கியவர்களும் இதே தத்துவத்தையே கைக்கொண்டனர். ஆயினும் கண்ணாடிக்கு இரு கைகளும் வேண்டும். இடையறாது உருட்டவும் வேண்டும். ஆதலால் வாய்க்காற்றை விட்டுவிட்டுக் காலால் மிதிக்கும் துருத்தியை மேசையின் அடியிற் பொருத்தினர். 1679ஆம் ஆண்டிலே யேர்மன் அறிஞர் யோகான் குங்கெல் வெளியிட்ட கண்ணாடித் தொழில் நூலில் அத்தகைய விளக்குமேசை விளக்கப்பட்டுள்ளது. விளக்கு மேலே, துருத்தி கீழே, கால் நெருப்பை ஆள, கை கண்ணாடியை ஆளும்.

யேர்மனியின் தூரிங்கியா மலைப்பகுதியிலுள்ள லவுசா என்னும் ஊரில் 1597ஆம் ஆண்டிலே ஒரு கண்ணாடி உலை நிறுவப்பட்டது. பின்னர் அவ்வூரார் தம் வீடுகளிலேயே விளக்குமேசையை அமைத்து, மணிகளும் சிறு உருவங்களும் செய்யத் தலைப்பட்டனர். எண்ணெய் விளக்கின் சூடு குறைவு. அதனாற் சிறிய பொருள்களையே செய்ய முடிந்தது. 1867இல் அவ்வூரில் எரிவாயு நிலையம் அமைந்தபோது நிலைமை மாறியது. சுடர் சூடேறியது, ஆடாது நின்றது, வேண்டியவாறு கூட்டவும் குறைக்கவும் இயன்றது. உடனே மெல்லிய சுவருடைய பெரிய கோளங்களை ஊதும் தொழில் செழித்தது. கைகள் அதே கைகள்தாம், கண்ணாடியும் அதுவேதான். மாறியது சுடர் ஒன்றே. எனவே சுடரையும் ஒரு கருவியாகவே கொள்ளல் வேண்டும். கருவிகளைத் தேர்பவன் முதலிலே தேர வேண்டியதும் அதனையே.

சுடரின் வலிமையைப் பெருக்கியவர்கள் வேதியியல் அறிஞர்கள். 1801இல் அமெரிக்கரான றொபேட் கெயர் ஒட்சிசனையும் ஐதரசனையும் கலந்து எரிக்கும் ஊதுசுடரை அமைத்தார். 1855இல் யேர்மன் பேராசிரியர் புன்சனின் எரிவாயு அடுப்பு வந்தது. அது இன்றும் நமது பாடசாலை ஆய்வுகூடங்களில் எரிகின்றது. இன்று கிண்ணம் செய்பவர்கள் புரோப்பேன் வாயுவையும் ஒட்சிசனையும் கலந்து எரிக்கும் மேசைச்சுடரைப் பயன்படுத்துகின்றனர். அதன் வெப்பம் 2500 பாகை செல்சியசையும் கடக்கும். ஒட்சிசன் மிகுந்தாற் சுடர் கூர்மையும் சீற்றமும் கொள்ளும். வாயு மிகுந்தாற் பருத்து மென்மையடையும். கிண்ணத்தின் வாயை முழுவதும் இளக்குவதற்குப் பருத்த மென்சுடர் வேண்டும். தண்டையும் அடியையும் இணைக்கும் இடத்திற்குக் கூர்ஞ்சுடர் வேண்டும். இரண்டுக்கும் ஒரே சுடரைப் பிடிப்பவனின் கிண்ணம் கோணிப்போகும்.

சுடரைத் தேர்ந்த பின்னர்க் கண்ணாடியைத் தொடும் கருவிகளைத் தேர வேண்டும். இங்கே ஒரு வியப்பான இயற்கை விதி உண்டு. குளிர்ந்த இரும்பில் இளகிய கண்ணாடி ஒட்டாது. சிவக்கச் சூடேறிய இரும்பிலோ பசைபோல் ஒட்டிக்கொள்ளும். அதனாலேதான் உலைத்தொழிலாளி ஊதுகுழலின் நுனியை முதலிற் சூடாக்குகின்றான். அதில் ஒட்டவேண்டும் என்பது அவன் நோக்கம். வடிவம் கொடுக்கும் இடுக்கியையோ அவன் அடிக்கடி ஆறவிடுகின்றான். அதில் ஒட்டலாகாது என்பது அவன் கவலை. பற்றுவதற்கு ஒரு வெப்பம், உருக்கொடுப்பதற்கு ஒரு வெப்பம். ஆனால் கருவி அளவுமீறிக் குளிர்ந்திருந்தாலோ, அது தொட்ட இடம் திடீரெனச் சுருங்கி மயிரிழை போன்ற வெடிப்பு உண்டாகும். ஒட்டவும் கூடாது, வெடிக்கவைக்கவும் கூடாது, தழும்பு விடவும் கூடாது. இம்மூன்று விதிகளையும் நிறைவேற்றும் பொருளைத் தேடியதே இக்கருவிகளின் வரலாறு முழுவதும் என்று சொல்லலாம்.

பழைய காலத்து உலைத்தொழிலாளர் இதற்கு இரு வழிகள் கண்டனர். ஒன்று மரம். பழமரங்களின் இறுகிய கட்டையைக் குடைந்து, நீரிலே ஊறவைத்து, அதனுள் இளகிய கண்ணாடியை உருட்டினர். ஈரம் ஆவியாகிக் கண்ணாடிக்கும் மரத்துக்கும் இடையே மெல்லிய திரையாக நிற்கும். மரமும் கண்ணாடியும் ஒன்றையொன்று நேரே தொடுவதில்லை. மற்றொன்று மெழுகு. வில்போல் வளைந்த பிடியும் இரு நீண்ட அலகுகளும் உள்ள பெரிய இடுக்கியாற் கிண்ணத்தின் கழுத்தை ஒடுக்கும்போது, அலகுகளில் தேன்மெழுகைத் தடவினர். அது வழுக்கலைத் தந்து தழும்பைத் தடுத்தது. பலஸ்தீனத்து அல்-கலீல் என்னும் எபிரோன் நகரக் கைவினைஞர் ‘கம்மாசா’ என்று பெயரிட்டழைக்கும் உலோக இடுக்கி இவ்வினத்தைச் சேர்ந்ததே. அவர்கள் இன்று உடைந்த போத்தல்களை உருக்கி அதனாற் பாண்டம் செய்கின்றனர். மூலப்பொருள் மாறினும் கையிலுள்ள கருவியின் பெயர் மாறவில்லை.

சுடரின் முன் இருப்பவனுக்கு நீரில் ஊறிய மரம் அவ்வளவாகப் பொருந்துவதில்லை. அவன் பணி சிறியது. கண்ணாடிச் சுவர் மெல்லியது. ஈரக்கட்டை அதன் வெப்பத்தை விரைவில் உறிஞ்சிவிடும். அவனுக்கு வாய்த்த பெருந்துணை காரீயம். பாடநூல்களிற் பென்சிற்கரி எனவும் வழங்கும் அப்பொருளில் இளகிய கண்ணாடி ஒட்டுவதில்லை. அது சுடரின் வெம்மைக்கு உருகுவதுமில்லை. கைப்பிடி பொருத்திய காரீயப் பலகை ஒன்றைக் கொண்டு கிண்ணத்தின் பக்கத்தை ஒழுங்காக்கலாம், அடித்தட்டைச் சமனாக்கலாம். கூம்பாகக் கடைந்த காரீயக் கோலைக் கிண்ணத்தின் வாயினுள் நுழைத்துச் சுழற்றினால் விளிம்பு மலர்போல் விரியும். ஆயினும் அதற்கும் ஓர் ஒழுக்கம் உண்டு. காரீயம் வெப்பத்தை நன்கு கடத்தும். ஆகவே குளிர்ந்த பலகையை மெல்லிய கண்ணாடியில் வைத்தால் வெடிப்பு உண்டாகலாம். முதலிற் சுடரின் ஓரத்திலே சற்று வாட்டிக்கொள்ள வேண்டும். நேரே சுடரினுள் நெடுநேரம் வைத்தாலோ அது காற்றோடு எரிந்து மெல்லத் தேய்ந்துபோகும்.

நேயர்களே, இக்காரீயத்தின் தாயகங்களுள் நமது நாடு முதன்மையானது. கேகாலை மாவட்டத்துப் போகலையிலும், குருணாகல் மாவட்டத்துக் ககட்டகாவிலும் நிலத்தின் ஆழத்திலே நரம்பு நரம்பாகப் படிந்துள்ள மிகத் தூய காரீயம் அகழப்படுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே உலோகம் உருக்கும் மூசைகள் செய்வதற்காக அது கப்பல் கப்பலாக மேலை நாடுகளுக்குச் சென்றது. முதலாம் உலகப் போர்க்காலத்தில் அதன் தேவை உச்சத்தை எட்டியது. 1896இல் எட்வேட் அச்சசன் என்னும் அமெரிக்கர் செயற்கைக் காரீயம் செய்யும் முறைக்கு உரிமம் பெற்றார். இன்று விற்பனையாகும் கருவிகளிற் பல அத்தகைய செயற்கைக் காரீயத்தாற் கடைந்தவையே. நாம் மண்ணுள் இருந்த கல்லை விற்றோம். பிறர் அதன் குணத்தைக் கற்று, அதனைப் போன்ற ஒன்றைத் தாமே ஆக்கிக்கொண்டனர். பொருளை உடைமையாகப் பெறுவது ஒன்று. அப்பொருள் எதற்கு உதவும், ஏன் உதவும் என்று அறிவது மற்றொன்று. செல்வத்தை நிலைக்கச் செய்வது பின்னையதே.

காரீயத்தைத் தவிர இன்னும் சில கருவிகளும் மேசைமேல் இருக்கும். எஃகுச் சாவணம், இளகிய கண்ணாடியைப் பற்றி இழுக்க. கத்தரி, மிகுதியை வெட்ட. தங்குதன் என்னும் உலோகக் கூராணி, துளையிடவும் விளிம்பைத் திருத்தவும். தங்குதன் உருகுவதற்கு 3400 பாகை செல்சியசுக்கு மேல் வேண்டுமாதலால் இச்சுடர் அதனை உருக்காது. பித்தளை விரிப்பான், வாயை அகற்ற. இவற்றோடு கண்ணாடிக்கோல் ஒன்று. பாதி முடிந்த கிண்ணத்தைக் கையாற் பிடிக்க இயலாதாதலால், அக்கோலின் நுனியை இளக்கி அடித்தட்டின் நடுவில் இலேசாக ஒட்டிப் பிடியாக்கிக்கொள்வார்கள். பணி முடிந்ததும் ஒரு சிறு தட்டலில் அது கழன்றுவிடும். உறுதியாக ஒட்டினாற் கழலாது. இலேசாக ஒட்டினாற் பாதியில் விழும்.

இனிக் கிண்ணம் உருவாகும் முறையைக் கருதுவோம். குழாயின் இரு பக்கத்தையும் இளக்கி இழுத்து மெல்லிய பிடிகளாக்கி, நடுப்பகுதியைச் சூடாக்கி ஊதினாற் குமிழ் பிறக்கும். காரீயப் பலகை அதன் வடிவை நேராக்கும். தண்டு பெரும்பாலும் கோலிலிருந்து பிறக்கும். அதற்குச் சுடரின் வெப்பமும், இரு கைகளும் ஒரே வேகத்தில் உருட்டும் உருட்டலும், சாவணத்தின் ஓரிரு அழுத்தமுமே போதும். அடித்தட்டு ஒரு சிறு குமிழைத் திறந்து, வேகமாகச் சுழற்றித் தட்டையாக விரித்துச் செய்யப்படும். மூன்றையும் சுடரின் முன் வெப்பம் குன்றாமல் வைத்து ஒரே அச்சிலே இணைக்க வேண்டும். பிறகு அதனை உடனே காற்றில் ஆறவிடாமல், அதற்கென அமைந்த சூளையிலே வைத்துப் படிப்படியாக ஆற்ற வேண்டும். விரைந்து ஆறிய கண்ணாடியில் உள்ளே இறுக்கம் தங்கிவிடும். அது இன்று உடையாவிட்டாலும் பின்னொரு நாள் காரணமின்றி உடைந்ததுபோல் உடையும். ஆகவே கடைசிக் கருவி பொறுமையாக ஆற்றும் சூளைதான்.

கருவியைத் தேர்வதற்குக் கண்ணாடியின் இனமும் காரணமாகும். போத்தலுக்கும் சன்னலுக்கும் உரிய சாதாரணச் சோடாக் கண்ணாடி சூட்டில் மிகுதியாக விரியும். சிறிது கவனம் பிசகினும் வெடிக்கும். யேர்மனியின் யெனா நகரிலே ஒட்டோ சொட் என்னும் அறிஞர் 1880களில் போரன் சேர்ந்த புதிய கண்ணாடியை ஆக்கினார். அதன் விரிவு சாதாரணக் கண்ணாடியினதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. 1915இல் அமெரிக்காவின் கோர்னிங் நிறுவனம் ‘பைரெக்சு’ என்னும் பெயரில் அவ்வினத்தைச் சந்தைப்படுத்தியது. நம் பாடசாலைகளின் குடுவைகளிற் பல இவ்வினத்தவை. இது வெடிப்புக்கு எளிதில் இடங்கொடாது, ஆனால் இளகுவதற்குக் கூடிய வெப்பம் வேண்டும், விரைவில் இறுகியும்விடும். எண்ணெய் விளக்கின் காலத்தில் இக்கண்ணாடி இருந்திருப்பினும் அதனை எவரும் ஆளமுடியாது. ஒட்சிசன் சுடர் வந்த பின்னரே அது கைவினைக்கு இணங்கியது.

இன்னுமொரு கருவி கண்ணுக்கு உரியது. கண்ணாடியைச் சுடரிற் காட்டும்போது அதிலுள்ள சோடியம் பளிச்சென்ற மஞ்சள் ஒளியை வீசும். அவ்வொளியிற் பணியின் உரு மறைந்துபோகும். நியோடிமியம், பிரசியோடிமியம் என்னும் தனிமங்கள் சேர்ந்த மூக்குக்கண்ணாடி அம்மஞ்சளை மட்டும் தடுத்து மற்றவற்றைக் காட்டும். உலையின் வெம்மையால் கண்ணாடித் தொழிலாளருக்குக் கண்புரை வருவதைத் தடுக்கும் வழிகளை ஆங்கில விஞ்ஞானி வில்லியம் குறுக்சு ஆராய்ந்து 1914இல் முடிவுகளை வெளியிட்டார். பொருளைக் காக்கும் கருவிகள் ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையன. தொழிலாளியின் கண்ணைக் காக்கும் கருவி நேற்று வந்ததே. இவ்வுண்மையையும் வரலாறு நமக்குச் சொல்லத் தவறவில்லை.

இத்தனை கருவிகளையும் கேட்டபின், கருவிகள் பெருகினாற் கலையும் பெருகும் என்று ஒருவர் எண்ணலாம். திரெசுடன் நகருக்கு அருகில் வாழ்ந்த லியோபோல்டு பிளாசுக்கா, அவர் மகன் றுடோல்வு ஆகிய இருவரும் 1887 முதல் 1936 வரை அமெரிக்காவின் காவாட் பல்கலைக்கழகத்துக்காகக் கண்ணாடியிற் செடிகளையும் பூக்களையும் செய்தளித்தனர். நாலாயிரத்துக்கு மேற்பட்ட அவ்வுருவங்களில் மகரந்தத் தாளும், இலைநரம்பும், பூச்சி அரித்த தழும்பும்கூடத் தெளிவாகத் தோன்றும். அவர்களுடைய மேசையிலோ ஒரு விளக்கு, ஒரு துருத்தி, சில சாவணங்கள், சில எளிய கருவிகள், அவ்வளவே இருந்தன. தந்தை மகனுக்குக் கைவழி கற்பித்தார். மகனுக்கு மாணவர் இலர். அவரோடு அப்பரம்பரை முடிந்தது. கருவிகள் நூதனசாலையிற் பத்திரமாக உள்ளன. ஆனால் அக்கருவியை எந்த நொடியில் எடுப்பது என்னும் அறிவு நூதனசாலையில் வைக்கத்தக்க பொருளன்று.

வரலாற்றிலே அரசர்களும் இதனை அறிந்திருந்தனர். சிரியாவின் தமசுக்கு நகரம், பதின்மூன்றாம் பதினான்காம் நூற்றாண்டுகளிலே பொன்னும் வண்ணமும் தீட்டிய கண்ணாடிக் கிண்ணங்களுக்கும் பள்ளிவாசல் விளக்குகளுக்கும் உலகப் புகழ் பெற்றிருந்தது. 1401இல் தைமூர் அந்நகரைக் கைப்பற்றியபோது அங்கிருந்த கைவினைஞரைத் தம் தலைநகரான சமர்க்கந்துக்குக் கொண்டு சென்றார். கிண்ணங்களைக் கவர்ந்தால் அவை ஒருநாள் உடையும். கைகளைக் கொண்டுசென்றாற் புதிய கிண்ணங்கள் பிறக்கும் என்பதை அவ்வெற்றிவேந்தர் உணர்ந்திருந்தார். கிண்ணம் ஊதும் வித்தை பிறந்த அதே சாம் தேசத்தில் அத்தொழில் அருகிப்போனமையால், 2023ஆம் ஆண்டில் யுனெசுக்கோ நிறுவனம் சிரியாவின் மரபுவழிக் கண்ணாடி ஊதுதலை அவசரமாகப் பாதுகாக்க வேண்டிய மரபுகளின் பட்டியலிற் சேர்த்தது. ஈராயிரம் ஆண்டுப் பழமை ஒரு கலைக்குக் காவலாகாது. கற்க முன்வரும் ஓர் இளைஞனே அதற்குக் காவல்.

இவ்வுண்மை நமது கரையோரத்துக்கு அயலானதன்று. கல்முனைக்கு அருகிலுள்ள மருதமுனை கைத்தறிச் சாரங்களுக்கும் புடைவைகளுக்கும் பேர்பெற்ற ஊர். எந்த நூலுக்கு எந்த அச்சு, எந்த நெசவுக்கு எவ்வளவு இழுவிசை என்று அங்குள்ள முதிய நெசவாளர் தொட்டுப் பார்த்தே சொல்லுவர். 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியபோது உயிர்களோடும் வீடுகளோடும் பல தறிகளும் அழிந்தன. தறியை மரத்தால் மீண்டும் செய்யலாம். தறியின் முன் இருந்து இந்த அச்சு வேண்டாம், அந்த அச்சை எடு என்று சொல்லும் மனிதர் மறைந்தால் அவரை எந்தத் தச்சனாலும் செய்யமுடியாது. பன்பாய் இழைக்கும் பெண்களுக்கும், தோணி கட்டும் தச்சருக்கும், ஊதுகுழல் பிடிக்கும் பொற்கொல்லருக்கும் இது பொருந்தும்.

பாடசாலை ஆய்வுகூடத்தில் மதுசார விளக்கின் முன் நம் மாணவர்கள் கண்ணாடிக் குழாயை வளைக்கக் கற்கின்றனர். குழாய் சிவந்து தளர்ந்து தானே வளையும் அந்த நொடிக்காகக் காத்திராமல், அவசரப்பட்டு வலிந்து வளைப்பவனின் குழாய் மடிந்து அடைபட்டுவிடும். காத்திருந்தவனின் குழாய் சீராக வளையும். முப்பதாண்டுக் கால ஆசிரியத் தொழிலிலே நான் கண்டது, அப்பாடத்திற் சிறந்து விளங்கிய பிள்ளைகள் எப்பொழுதும் பரீட்சையில் முதல்வராக இருந்தவர் அல்லர் என்பதே. கை அறிவும் அறிவே. 2013ஆம் ஆண்டு முதல் நமது உயர்தர வகுப்புகளிலே தொழினுட்பப் பாடத்துறை இடம்பெற்றுள்ளது. ஆயினும் கைத்தொழில் கற்பதைப் படிப்பில் தோற்றவனின் கதியாகக் கருதும் மனப்பான்மை பல இல்லங்களில் இன்னும் நீங்கவில்லை. அம்மனப்பான்மை நீங்காதவரை எத்தனை கருவிகளை வாங்கி வைத்தாலும் அவை துருப்பிடித்தே கிடக்கும்.

ஆகவே பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஓர் எளிய வேண்டுகோள். உங்கள் தெருவிலே ஒரு நெசவாளரோ, தச்சரோ, பொற்கொல்லரோ இருப்பின், பிள்ளைகளை ஒரு நாள் அவரிடம் அனுப்புங்கள். அவர் கையிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் என்ன பெயர், அதனை எதற்காக எடுக்கின்றார், எப்பொழுது எடுக்காமல் விடுகின்றார் என்று கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். பெயரோடு காரணத்தையும் எழுதட்டும். காரணம் தெரியாத பெயர் அகராதியில் மட்டும் வாழும். காரணத்தோடு கற்ற பெயர் கையில் வாழும்.

கிரிபாவையின் உலை அணைந்தது. மாந்தையின் மணிகள் மண்ணுள் மறைந்தன. அவற்றைச் செய்தவர்கள் எந்தக் கொக்கியை எப்படிப் பிடித்தார்கள் என்பதை நம் நாட்டில் எவரும் குறித்து வைக்கவில்லை. இன்றுள்ள கைகளைப் பற்றியாவது நாளை வருவோர் அவ்வாறு சொல்லாதிருக்கட்டும்.